மிட்டாய் கம்பெனிக்குப் போகிறோம்: பெற்றோர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

ஜனவரி கடைசி வாரம், வியாழக்கிழமை, நம் பள்ளியின் நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரை பெங்களூரு பீண்யாவில் இருக்கும் ஒரு மிட்டாய்த் தொழிற்சாலைக்கு அழைத்துப் போகிறோம். எனக்கு இது ஐந்தாவது தடவை. ஒவ்வொரு வருடமும் பள்ளி கேட்டில், போனில், ஸ்ரீராமபுரம் மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கும்போது என்று அதே கேள்விகள் என்னைத் தேடி வருகின்றன. இந்த முறை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். படித்துவிட்டு அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

போயும் போயும் மிட்டாய் கம்பெனியா? விஸ்வேஸ்வரய்யா மியூசியம், விதான சௌதா என்று போகக்கூடாதா?

மியூசியத்துக்கு மூன்றாம் வகுப்பிலேயே போய் வந்தாயிற்று. விதான சௌதாவை வாரம் ஒரு தடவை பஸ் ஜன்னலில் பார்க்கிற பிள்ளைகள் இவர்கள்.

மிட்டாய் கம்பெனியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒரே சொல்: பதம். சர்க்கரையும் தண்ணீரும் சூடும் மட்டும்தான் சரக்கு. எந்தச் சூட்டில் நிறுத்துகிறோம், அப்புறம் அதை என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்து அதே பாகு ஜிலேபிக்கும் ஆகும், பல்லை உடைக்கும் கல்கோனாவும் ஆகும். அறிவியல் புத்தகத்தில் 'திண்மம், திரவம், வாயு' என்று மூன்று கட்டம் போட்டு முடித்துவிடுகிறார்கள். அந்தக் கட்டங்களுக்குள் அடங்காத ஒரு பொருளை நாம் தினமும் வாயில் போட்டுச் சப்புகிறோம்.

சங்கராந்திக்கு நம் தெருவில் கன்னடக்காரர்கள் வீட்டிலிருந்து எள்ளு பெல்ல வந்திருக்கும். 'எள்ளு பெல்ல திந்து ஒள்ளெ மாத்தாடி', அதாவது எள்ளும் வெல்லமும் தின்று நல்லதைப் பேசுங்கள் என்று சொல்லித் தட்டை நீட்டுவார்கள். அந்தத் தட்டில் வெள்ளை வெளேரென்று யானை, கோபுரம், மீன் வடிவத்தில் சர்க்கரை பொம்மைகள் இருக்கும் இல்லையா, சக்கரெ அச்சு? அதைக் கடித்தால் பொலபொலவென்று உதிரும், ஒளி ஊடுருவாது. ஆரஞ்சு மிட்டாயைக் கடித்தால் 'டக்'கென்று உடையும், வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். இரண்டும் சர்க்கரைப் பாகுதான். அச்சு செய்கிறவர்கள் பாகைக் கிண்டிக் கிண்டிப் பூத்துப் போக வைக்கிறார்கள், அதாவது சர்க்கரை மறுபடி பொடிப் படிகமாகிறது. மிட்டாய் செய்கிறவர்கள் அதற்கு நேர்மாறு. படிகம் ஒன்றுகூட உருவாகிவிடக் கூடாது என்று பாடுபடுகிறார்கள். படிகமாக விடாமல் சட்டென்று குளிர வைத்தால் அது கண்ணாடி. பேச்சுக்குச் சொல்லவில்லை. ஜன்னல் கண்ணாடி எந்த வகைப் பொருளோ, ஆரஞ்சு மிட்டாயும் அறிவியல்படி அந்த வகைதான்.

இதை வகுப்பில் நான் நாலு பீரியட் கத்திச் சொல்வதைவிட அங்கே நாற்பது நிமிடம் நிற்பது மேல்.

எந்தக் கம்பெனி? பெரியதா?

பெயரும் விலாசமும் போன் நம்பரும் அனுமதிச் சீட்டில் இருக்கின்றன. சின்னதுதான், முப்பது பேர் வரை வேலை செய்கிறார்கள். பீண்யா 1970களிலிருந்து வளர்ந்த தொழிற்பேட்டை. லேத் பட்டறை, பவுண்டரி, கார்மென்ட்ஸ் நடுவே இப்படி ஒரு மிட்டாய்க் கம்பெனி இருப்பது பக்கத்துத் தெருக்காரர்களுக்கே வாசனை வைத்துத்தான் தெரியும்.

சின்னக் கம்பெனியை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தோம். பெரிய ஆலைகளில் பாகு மூடின ஸ்டீல் குழாய்க்குள்ளே ஓடும். பிள்ளைகள் பார்ப்பது பளபளக்கும் குழாயும் ஒரு டிவியில் ஓடும் வீடியோவும்தான். ஒரு வருடம் அப்படி ஓர் இடத்துக்குப் போய் வந்தோம். திரும்பி வந்து 'என்ன பார்த்தாய்?' என்றால் பாதிப் பேர் 'ஏசி நல்லா இருந்துச்சு மிஸ்' என்றார்கள்.

அங்கே என்னென்ன பார்ப்பார்கள்?

வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மூட்டை அடுக்கிய அறை. ஒரு பக்கம் சர்க்கரை மூட்டை, இன்னொரு பக்கம் நீல டிரம்களில் லிக்விட் குளுக்கோஸ். மக்காச்சோள மாவிலிருந்தோ மரவள்ளி மாவிலிருந்தோ எடுக்கும் கெட்டியான, நிறமில்லாத கூழ் அது. கரண்டியில் எடுத்தால் தேனைவிட மெதுவாக இறங்கும். அது எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். பிரேயரில் எல்லோரும் வரிசையில் நிற்கப் பார்க்கும்போது நடுவில் நாலு வாண்டுகள் குறுக்கே நின்றால் வரிசை அமையாதல்லவா? சர்க்கரை படிக வரிசையில் நிற்க விடாமல் குறுக்கே நிற்கும் வாண்டுதான் குளுக்கோஸ்.

அடுத்து அடுப்பு. இங்கேதான் அதிக நேரம் நிற்கப் போகிறோம். பெரிய செம்புக் கொப்பரையில் பாகு கொதிக்கும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, தண்ணீர் குறையக் குறையப் பாகின் கொதிநிலை ஏறுகிறது. அதனால் தெர்மாமீட்டரில் தெரியும் எண், பாகில் இன்னும் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதற்கான கணக்கு. 115 டிகிரி வாக்கில் தண்ணீரில் சொட்டு விட்டால் மெத்தென்று உருளும். 150 வாக்கில் அதே சொட்டு தண்ணீருக்குள் விழுந்ததும் கண்ணாடிக் கம்பியாகி விரலில் பட்டதும் உடையும். அந்தக் கட்டத்தில் நூறு கிராம் பாகில் இரண்டு மூன்று கிராம் தண்ணீர்கூட இருக்காது. இதில் நம் ஊருக்கென்று ஒரு சங்கதி உண்டு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே சென்னைக்காரர் எழுதிக் கொடுத்த அளவை அப்படியே வைத்துக்கொண்டால் பாகு முறுகிவிடும், மூன்று டிகிரி முன்னாலேயே நிறுத்த வேண்டும்.

பாகு காய்ச்சுகிற அண்ணன் தருமபுரிக்காரர். கொப்பரைக்குப் பக்கத்திலேயே டிஜிட்டல் மீட்டர் ஓடுகிறது. அவர் அதைப் பார்ப்பதே இல்லை. போன வருடம் ஒரு பையன் கேட்டே விட்டான், 'அங்கிள், மீட்டர் எதுக்கு அப்போ?' அவர் சிரித்துக்கொண்டு, 'அது ஆபீசருக்கு, எனக்குக் கொப்புளம் போதும்' என்றார். முதலில் சின்னச் சின்ன நுரை பொங்கும். அப்புறம் நுரை அடங்கி, பெரிய கொப்புளமாக வரும், வெடிக்கவே நேரம் எடுத்துக்கொள்ளும். அந்தச் சத்தம் மாறுகிற நொடியில் அவர் கை வால்வுக்குப் போகிறது. அப்போது நான் மீட்டரைப் பார்த்தேன்: 147.

பிறகு பாகை மேசையில் கொட்டுவார்கள். இரும்பு மேசை, அடியில் குளிர்ந்த தண்ணீர் ஓடுகிறது. தேன் நிறத்தில் தகதகவென்று பரவும். கொஞ்சம் ஆறிய பிறகே சிட்ரிக் ஆசிட், கலர், எசென்ஸ் சேர்க்கிறார்கள். கொதிக்கும்போதே போட்டால் எசென்ஸ் ஆவியாகிவிடும், புளிப்பு சர்க்கரையையே உடைத்து மிட்டாயைப் பிசுபிசுக்க வைத்துவிடும். கையுறை போட்ட இருவர் அதைப் புரோட்டா மாவைப் போல மடித்து மடித்துப் பிசைகிறார்கள். ஒரு பகுதியை மட்டும் தனியாக எடுத்துச் சுவரில் இருக்கும் கொக்கியில் மாட்டி இழுப்பார்கள். இழுத்து மடிக்க, இழுத்து மடிக்க, கண் முன்னால் அது வெள்ளையாகிறது. கலர் எதுவும் சேர்க்கவில்லை, காற்றுதான் உள்ளே போகிறது. திருவிழாவில் மூங்கில் கம்பில் சுற்றிக்கொண்டு வந்து கையில் கடிகாரம் கட்டிவிடும் ஜவ்வு மிட்டாய்க்காரர் நினைவு வரும். அந்தக் கடிகாரத்தைக் கட்டியிருந்த தலைமுறை என்றால் நீங்களும் கூட வாருங்கள், பிள்ளைகளைவிட அதிகமாக ரசிப்பீர்கள்.

மிச்சம் இயந்திர வேலை. பாகுக் கட்டி உருளைகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி, ஒரு முனை பருத்து மறுமுனை மெலிந்து, யானைத் தும்பிக்கை மாதிரி நீளும். மெலிந்த முனை அச்சுக்குள் போய் 'டகடக'வென்று மிட்டாயாக விழும். காற்று அடிக்கும் பெல்ட்டில் ஆறி, கூழாங்கல் சத்தத்தோடு தட்டில் குவியும். உலோகத்துண்டு ஏதும் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் கருவி ஒன்று உண்டு. அதில் அவர்கள் ஒரு சோதனைத் துண்டைப் போட்டு அலற விடுவார்கள், பிள்ளைகளுக்கு அது ஒரு திருவிழா. கடைசியில் பேக்கிங்.

பஸ் இல்லாமல் மெட்ரோவிலா?

ஆமாம். ஸ்ரீராமபுரத்தில் ஏறினால் ஏழாவது ஸ்டேஷன் பீண்யா. 2014-ல் பச்சைப் பாதை ஓட ஆரம்பித்தபோது முதலில் திறந்த பகுதியே இதுதான். துமகூரு ரோட்டில் பஸ் எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மெட்ரோவில் இன்னொரு வசதி, உள்ளே சாப்பிடத் தடை. ஏன் அது எனக்கு முக்கியம் என்று கீழே சொல்கிறேன். நடுவில் சாண்டல் சோப் ஃபேக்டரி ஸ்டேஷன் வரும், 'சோப் தருவாங்களா?' என்று நாலு பேராவது கேட்பார்கள். தர மாட்டார்கள் என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

பீண்யாவில் இறங்கிப் பத்து நிமிட நடை. ஸ்டேஷன் படியே ரோட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடுவதால் மெயின் ரோடு தாண்ட வேண்டியதில்லை. உள் ரோடுகளில் லாரி வரும். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், கயிறு பிடித்து நடை.

என்ன உடுத்தி அனுப்பட்டும்?

யூனிஃபார்ம், மூடின ஷூ. செருப்பு வேண்டாம், தரை வழுக்கும்.

அம்மாக்களுக்கு: அன்றைக்கு மட்டும் பூ வைத்து அனுப்பாதீர்கள். மல்லி, கனகாம்பரம், எதுவும் வேண்டாம். வளையல், கொலுசு, தொங்கும் கம்மல், ஹேர்பின், சேஃப்டி பின், நெயில் பாலிஷ், இவையும் வேண்டாம். ஒட்டுப்பொட்டு கட்டாயம் வேண்டாம். அது வியர்வையில் கழன்று பாகில் விழுந்தால் ஒரு கொப்பரை முழுவதையும் கொட்ட வேண்டியதுதான். பொட்டு இல்லாமல் அனுப்ப மனசு வராதவர்கள் சாந்துப்பொட்டோ குங்குமமோ வையுங்கள். தாயத்து, கறுப்புக் கயிறு பற்றியும் சிலர் தயங்கிக் கேட்டார்கள். கழற்ற வேண்டாம், முழுக்கைச் சட்டைக்குள் மறைந்தால் போதும். தலைக்கு வலைத்தொப்பி அங்கே போனதும் நாங்கள் தருவோம்.

கொதிக்கிற பாகு பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்துகிறீர்களே, பயமாக இல்லையா?

பயப்பட வேண்டிய விஷயம்தான், மறைக்கவில்லை. வெந்நீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும், சூடும் வெந்நீரைவிட ஒன்றரை மடங்கு. அதனால் கொப்பரைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே இடுப்புயரத் தடுப்பும், அதற்கு இரண்டு அடி முன்னால் மஞ்சள் கோடும் இருக்கின்றன. கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் அந்தப் பிள்ளை வெளியே போய் வாட்ச்மேன் தாத்தாவோடு உட்கார வேண்டும். இரண்டு வருடம் முன்னால் ஒருவன் உட்கார்ந்தான். அப்புறம் யாரும் தாண்டவில்லை. ஒரு குழுவுக்குப் பத்துப் பேர்தான் அடுப்பு அறைக்குள் போவார்கள்.

எதற்கும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு அடுப்படிக்கும் இது உதவும்: சூடு பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ், டூத் பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் தடவக் கூடாது. ஒட்டியிருப்பதைப் பிய்க்கவும் கூடாது.

நிலக்கடலை அலர்ஜி உள்ள பிள்ளை வரலாமா?

முதலில் என்னிடம் பேசுங்கள். அதே கட்டடத்தில், அடுத்த ஷெட்டில் சிக்கி, அதாவது கடலை மிட்டாய் போடுகிறார்கள். கடலைத் தூள் காற்றில் இருக்கும். லேசான அலர்ஜியா, மூச்சுத் திணறும் அளவுக்கா என்பதைப் பொறுத்து, உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பார்க்கலாம், டாஃபியைச் சாப்பிடாமல் இருந்தால் போதும்.

எங்கள் மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய். விட்டுவிட்டுப் போய்விடுவீர்களா?

மாட்டோம். மிட்டாய் பார்ப்பதற்கும் தின்பதற்கும் சம்பந்தம் இல்லை. அவளுடைய மீட்டர், இன்சுலின், சாப்பாட்டு நேரம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள், அன்றைக்கு அவள் என் குழுவில்தான் இருப்பாள். நடையில் சர்க்கரை இறங்கினால் கொடுக்க வேண்டியதையும் நீங்களே கட்டி அனுப்புங்கள். எவ்வளவு, எப்போது என்பது உங்கள் டாக்டர் கணக்காக இருக்கட்டும்.

மிட்டாயில் ஜெலட்டின் இருக்கிறதாமே? நாங்கள் சைவம்.

ஜெலட்டின் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. இந்தக் கம்பெனியில் அதைப் போடும் சரக்கு இல்லை. பொதுவாகச் சொன்னால், ரப்பர் மாதிரி மெல்லும் கம்மி வகையில்தான் அந்தக் கேள்வி வரும். அதிலும் பழத்திலிருந்து எடுக்கும் பெக்டினோ கடல்பாசி அகரோ போட்டுச் செய்வதும் உண்டு. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். அசைவத்துக்கு இப்போது பழுப்பு முக்கோணம்.

கலர் போட்ட மிட்டாயில் கேன்சர் வரும் என்கிறார்களே?

இந்தக் கேள்வி 2024-க்குப் பிறகு அதிகமாகிவிட்டது. அந்த வருடம் பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும், மார்ச்சில் இங்கே கர்நாடகத்திலும் பஞ்சு மிட்டாய் விஷயம் பெரிதாகப் பேசப்பட்டது. காரணம் ரோடமைன் பி. துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற ரோஸ் சாயம். அது உணவுக்கு அனுமதிக்கப்பட்ட கலரே இல்லை. தமிழ்நாட்டில் அப்போது பஞ்சு மிட்டாய்க்கே தடை போட்டார்கள். இங்கே கலர் போட்ட பஞ்சு மிட்டாய்க்கும், கோபி மஞ்சூரியனில் கலர் போடுவதற்கும் தடை போட்டார்கள்.

உணவில் போடலாம் என்று இந்தியாவில் அனுமதி பெற்ற செயற்கைக் கலர்கள் எட்டு. அவற்றுக்கும் அளவு உண்டு, பாக்கெட்டில் எண் போட்டிருக்க வேண்டும். 102 என்றால் டார்ட்ரசின் மஞ்சள், 110 என்றால் ஆரஞ்சு நிறம் தரும் சன்செட் எல்லோ, 133 என்றால் நீலம். என்னைக் கேட்டால், பெயரும் லைசென்ஸும் இல்லாமல் கண்ணாடி ஜாடியில் மின்னுகிற மிட்டாயைப் பார்த்துத்தான் நான் யோசிப்பேன். பிள்ளைகளுக்கு இந்தமுறை அதுதான் வீட்டுப்பாடம்: வீட்டில் கிடக்கும் ஏதாவது ஒரு மிட்டாய்க் காகிதத்தைக் கொண்டு வந்து, அதிலிருக்கும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் எண்ணையும், சேர்மானங்களையும் நோட்டில் எழுத வேண்டும். எது முதலில் எழுதியிருக்கிறதோ அதுதான் எடையில் அதிகம். மாம்பழ மிட்டாயில் மாம்பழம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். இருந்தால்.

ஆளுக்கு எத்தனை மிட்டாய் தருவார்கள்?

அங்கே ருசி பார்க்க இரண்டு. வீட்டுக்கு வந்ததும் பிரிக்கச் சொல்லி ஒரு சின்னப் பொட்டலம், அது பள்ளிக்குத் திரும்பின பிறகு என் கையால் தருவேன்.

கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். முதல் வருடம் பஸ்ஸில் போனோம். கம்பெனிக்காரர்கள் பாசத்தில் ஆளுக்கு ஒரு பாக்கெட் வாசலிலேயே கொடுத்துவிட்டார்கள், நானும் விட்டுவிட்டேன். யாரும் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. திரும்பும்போது டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம். முதலில் ஒருத்தி வாந்தி எடுத்தாள், அந்த வாசனையில் அடுத்தவன், அப்புறம் இன்னொருவன். ஒருவன் பாதி சப்பிய லாலிபாப்பை டிரவுசர் பாக்கெட்டில் பத்திரப்படுத்தி, அது சீட்டோடு ஒட்டி, டிரைவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. தப்பு என்னுடையது. மெட்ரோவும் பொட்டலமும் அதற்குப் பிறகு வந்தவை.

பல் கெட்டுவிடாதா?

இரண்டு மிட்டாயில் கெடாது. எத்தனை என்பதைவிட எவ்வளவு நேரம் வாயில் கிடக்கிறது என்பதுதான் கணக்கு. நாள் முழுக்கக் கன்னத்தில் ஒதுக்கிச் சப்புவதுதான் பல்லுக்குக் கேடு. சாப்பாட்டோடு தின்று வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

தம்பி யூகேஜியில் படிக்கிறான், அவனையும் சேர்த்துக்கொள்வீர்களா?

முடியாது. கெட்டி மிட்டாய் சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், தவிர அவன் மஞ்சள் கோட்டை மதிக்க மாட்டான்.

அங்கே எந்த மொழியில் சொல்வார்கள்?

சுற்றிக் காட்டும் மேடம் கன்னடம். பேக்கிங்கில் இந்தியும் ஒடியாவும் கேட்கும். அடுப்பில் தமிழ். நம் பிள்ளைகளுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, நமக்குத்தான் கவலை. பாகு அங்கே 'பாக', ஒற்றைக் கம்பிப் பதம் 'ஒந்தெளெ பாக', வெல்லம் 'பெல்ல'. ஒரு குழுவிடம் இதைச் சொன்னபோது ஒரு பெண், 'அப்போ தருமபுரி அங்கிளும் மேடமும் ஒரே வார்த்தைதான் பேசறாங்க மிஸ்' என்றாள்.

அங்கே சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா? பார்த்தால் எங்கள் பிள்ளை கேள்வி கேட்பாளே.

இல்லை. போவதற்கு முன்னால் நான் தனியாக ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் தேதி குறிக்கிறேன். 14 வயதுக்குக் கீழே எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்பது 2016-ல் திருத்திய சட்டம். அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன், கேட்கட்டும்.

பேக்கிங் மேசையில் பெரும்பாலும் பெண்கள். இயந்திரம் சுற்றித் தள்ளுவதில் காகிதம் கோணியது, உடைந்தது, ஒட்டியது எல்லாவற்றையும் கண் மூடித் திறப்பதற்குள் எடுத்துவிடுகிறார்கள். அந்த அறைக்குள் போனதும் மூக்கு காய்வது போல இருக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துவிடுகிறார்கள். மிட்டாய்க்கு எதிரி ஈரம். மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு விடை அந்த அறை. நாம் ஜூலையில் போகாமல் ஜனவரியில் போவதும் அதனால்தான்.

போன வருடம் ஒரு பையன் ஓர் அக்காவிடம், 'நாள் பூரா மிட்டாய் சாப்பிடுவீங்களா?' என்று கேட்டான். 'சேர்ந்த வாரம் தின்னேன்டா. இப்போ வீட்டுக்குப் போனா முதல்ல ஊறுகாயைத்தான் தேடறேன்' என்றார் அவர். எட்டு மணி நேரம் நின்றுகொண்டு செய்யும் வேலை. பிள்ளைகளுக்கு அவர்களோடு பேசப் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். கேள்விகளை முன்பே எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். 'சம்பளம் எவ்வளவு?' என்பதை மட்டும் அடித்துவிட்டேன். அதை எழுதியது யார் என்று சொல்ல மாட்டேன்.

பணம் எவ்வளவு?

150 ரூபாய். மெட்ரோவுக்கும், நந்தினி மோருக்கும், வலைத்தொப்பிக்கும். கம்பெனி ஒன்றும் வாங்குவதில்லை. இந்த மாதம் கையில் இல்லை என்றால் என்னிடம் ஒரு வார்த்தை, யாருக்கும் தெரியாது.

சாப்பாடு?

காலையில் வயிறு நிறைய இட்லியோ உப்புமாவோ கொடுத்து அனுப்புங்கள். மதியத்துக்கு எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம் மாதிரி சிந்தாமல் சாப்பிடக்கூடியது. இனிப்பு வைக்காதீர்கள். காரமாக ஒரு வடகமோ சிப்ஸோ இருந்தால் நல்லது. மூன்று மணி நேரம் அந்த வாசனையில் நின்றவர்களுக்கு அது அமிர்தம்.

போட்டோ எடுக்கலாமா?

அடுப்பு அறையில் முடியாது. வாசலில் ஒரு குழுப் படம்.

லாலிபாப்புக் குச்சி பிளாஸ்டிக்தானே? குப்பையைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பீர்களா?

மிட்டாய்க்குப் பிளாஸ்டிக் குச்சி 2022 ஜூலை 1 முதல் தடை. அங்கே இப்போது இறுக்கிச் சுற்றிய காகிதக் குச்சிதான். ருசி பார்த்த காகிதங்களை எல்லாம் ஒரு பையில் திரும்பக் கொண்டுவருவோம், அவை கைவினை வகுப்புக்கு.

வந்ததும் வீட்டில் செய்து பார்க்க வேண்டும் என்று அடம் பிடிப்பான். செய்யலாமா?

ஆரஞ்சு மிட்டாய் வேண்டாம். அந்தச் சூடு வீட்டு அடுப்படிக்கும் ஒன்பது வயதுக்கும் ஆகாது. கடலை மிட்டாய் செய்யுங்கள், அடுப்புப் பக்கம் பெரியவர் நிற்க வேண்டும். உங்களில் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள், 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் ஊர். உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: வறுத்துத் தோல் நீக்கிய கடலை இரண்டு கப், வெல்லம் ஒரு கப். வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டி, காய்ச்சுங்கள்.

பையனுக்குக் கொடுக்க வேண்டிய வேலை, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்பது. நீங்கள் பாகிலிருந்து ஒரு சொட்டு அதில் விடுங்கள், அவன் விரலால் திரட்டட்டும். கரைந்தால் இன்னும் இல்லை. உருண்டு மெத்தென்றிருந்தால் கிட்டே வந்துவிட்டது. உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும், அப்போது அடுப்பை அணைத்துக் கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவின தட்டில் பரப்பி, சூடு ஆறுமுன் கோடு போட்டுவிடுங்கள். சத்தம் வருமுன்னே அவசரப்பட்டு இறக்கிவிட்டால் மிட்டாய் வெட்டவே வராது, ஜவ்வாக இழுக்கும். பரவாயில்லை, கையில் நெய் தொட்டுக்கொண்டு உருண்டை பிடித்துவிடுங்கள், மறுநாள் டிபன் டப்பாவில் வைத்து அனுப்பினால் எனக்கும் ஒன்று.